உள்தாழ்ப்பாள்

வியாழக்கிழமை எனக்குப் பள்ளத்தூர்.
காரைக்குடியிலிருந்து ஒன்பது மணி டவுன் பஸ்.
விளையாட்டுச் சாமான் அறையில்
மூலை பெயர்ந்த கேரம் பலகைக்கும்
காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவே
இரண்டு நாற்காலி.
'தனி ஆலோசனை' என்று
கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கும்.
சாரல் அடித்தால் 'தனி' மட்டும் அழிந்துவிடும்.

பொன்னழகு, பதினொன்றாம் வகுப்பு.
வகுப்பாசிரியை அனுப்பிய துண்டுத்தாள் சொன்னது:
தினமும் மூன்றாவது பீரியடில் கழிப்பறைக்குப் போகிறாள்,
அரைமணி நேரம் வருவதில்லை.
போன் இருக்கலாம். பையன் இருக்கலாம்.
விசாரிக்கவும்.

விசாரிப்பது என் வேலை இல்லை.
ஆனாலும் விசாரித்தேன்.

"சும்மா நிப்பேன் மிஸ்."

அந்த நாத்தத்துலயா?

"தாப்பா இருக்குல்ல."

பிறகு வெகுநேரம், துண்டு துண்டாக:
கானாடுகாத்தானில் வீடு. பெரிய வீடு.
அவர்களுடையது இல்லை, காவல்.
அப்பா வாட்ச்மேன். அம்மா பெருக்கித் துடைக்க.
அறுபத்திரண்டு கதவு, எண்ணியிருக்கிறாள்.
இருபத்துமூன்று பங்காளிகள்,
ஆளுக்கொரு பூட்டு, எல்லாம் வெளியிலிருந்து.
இவர்கள் நாலு பேரும் படுப்பது
இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில்,
ஒரு சேலை மறைப்பில்.
சினிமாக்காரர்கள் வந்தால்
அடுப்பு, பாய், புத்தகப்பை எல்லாம்
மாட்டுக்கொட்டகைக்குப் போகும்.
ஒருதடவை இவளுடைய நோட்டு ஒன்று
தப்பிக் கிடந்து கதாநாயகியின் மேசைக்குப் போய்விட்டது.
படத்தில் பார்த்தாளாம்,
கையெழுத்துகூடத் தெரிந்ததாம்.
சிரித்தாள். அன்றைக்கு அந்த ஒரு முறைதான்.

அப்புறம் கேட்டாள்:
"இந்தக் கதவச் சாத்திக்கலாமா மிஸ்?
தாப்பா போட்டு?"

பயிற்சியில் சொல்லித்தந்த பதில் என்னிடம் இருந்தது.
கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்,
உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும்.
"உன் பாதுகாப்புக்குத்தாம்மா."

"வீட்லயும் அதான் சொல்வாங்க" என்றாள்.
கோபமாகக்கூட இல்லை.

நான் எழுந்து வெளியே போனேன்.
பத்து நிமிஷம். போட்டுக்கோ. இங்கதான் இருப்பேன்.

துருப்பிடித்த தாழ், இரண்டு தடவை முரண்டு பிடித்து விழுந்தது.
வராந்தாவில் உட்கார்ந்தேன், கதவில் முதுகு சாய்த்து.
உள்ளே ஒரு சத்தமும் இல்லை.
அழுகிறாளா,
கேரம் காய்களை அடுக்குகிறாளா,
நான் செய்தது தப்பா.
பயந்தேன். வாட்சை நாலு தடவை பார்த்தேன்.
கதவைத் தட்ட ஒருமுறை கை எழுந்தது.

பி.டி. சார் வந்தார்.
"என்ன மேடம், வெளியில?"
"கவுன்சலிங் நடக்குது சார்."
"பிள்ளை எங்க?"
"உள்ள."
தலையை ஆட்டிவிட்டு விசிலைத் தேடிப் போனார்.

ஒன்பதாவது நிமிடம் தாழ் விலகியது.
அவளே கேரம் பலகையை இழுத்துக்
கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்,
சரியாக ஒரு சாண்.
உட்கார்ந்தாள். சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று
இங்கே எழுதப் போவதில்லை.

துண்டுத்தாளின் பின்பக்கம் எழுதி அனுப்பினேன்:
போன் இல்லை. பையன் இல்லை.
மூன்றாவது பீரியடில் விட்டுவிடவும்.

சாயங்காலம் காரைக்குடியில் இறங்கி
கல்லுக்கட்டிப் பக்கம் இரும்புக்கடையில்
ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன்.
நாற்பத்தைந்து ரூபாய், நாலு திருகாணியோடு.
"மரக்கதவுக்கா, தகரத்துக்கா?" என்றார் கடைக்காரர்.
அப்போதுதான் யோசித்தேன்.
சேலையில் அறைய முடியாது.
தேக்கில் இறக்கலாமென்றால்
இருபத்துமூன்று பேரில் யாரைக் கேட்பது?

பைக்குள் கிடக்கிறது,
டிபன் பாக்ஸுக்கு அடியில்.
பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
திருகாணிகள் குலுங்குகின்றன.